பூ விலை டேட்டாவை கேஷ் (cache, மறுபடி வேகமா எடுக்கச் சேமிச்சு வைக்கிறது) பண்ண எந்த ஃபார்மேட்?

மல்லிப்பூ:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை, 40 லட்சம் வரி சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச எழுத்து ஃபைல்). பைத்தான்ல ஒவ்வொரு தடவையும் ஏத்த நேரமாகுது. பிக்கிளா (பைத்தான் பொருளை அப்படியே சேமிக்கிற ஃபைல்), பார்கேயா (நெடுவரிசை வாரியா சேமிக்கிற ஃபைல்)?

வைகைக்கரை:
பார்கேதாங்க. 'விலை' நெடுவரிசை மட்டும் போதும்னா columns-ங்கிற இடத்துல அதை மட்டும் கேக்கலாம், மத்ததைத் தொடாது. எண்ணா எழுத்தாங்கிற வகையும் மாறாது. சிஎஸ்வியில '0045'ங்கிற கடை எண் பாண்டாஸ்ல (பைத்தானோட டேட்டா லைப்ரரி) 45 ஆயிரும். டிஸ்க் இடம் முக்கியம்னா, சுருக்குற முறையில ஸ்னாப்பிக்குப் பதிலா இசட்எஸ்டிடி போடுங்க.

தெப்பக்குளம்:
பிக்கிள் வேணாம். கிளாஸ் பேரை மாத்தினா பழைய ஃபைல் திறக்காது. அடுத்தவங்க தந்ததைத் திறந்தா உள்ள இருக்கிற புரோகிராம் கோடும் ஓடிரும். தினம் நாலு வரி மட்டும் மாறும்னா எஸ்க்யூலைட் (ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்). பார்கேயில முழு ஃபைலையும் திரும்ப எழுதணும்.

வைகைக்கரை:
ஆமா. எழுதுறப்ப கரண்டு போனா பாதி ஃபைல்தான் மிஞ்சும். அதே ஃபோல்டர்ல தற்காலிகப் பேர்ல எழுதி முடிச்சுட்டு, பைத்தானோட ஓஎஸ்.ரீப்ளேஸ்ல நிஜப் பேருக்கு மாத்துங்க. சிஎஸ்வி மாறின நேரத்தையும் கேஷ் ஃபைல் பேர்லயே சேருங்க, இல்லேன்னா நேத்து விலைதான் வரும்.