214 கோடியில் நின்றுபோன நாணயங்கள்

குழு: நம் வீடு

கமலா (இரவு 8:12): அப்பா, ஆதிராவின் செல்போன் விளையாட்டில் நாணயக் கணக்கு 2,14,74,83,647இல் நின்றுவிட்டதாம். இன்னும் எவ்வளவு சேர்த்தாலும் ஏறவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

முரளி: அக்கா, அந்தக் கணக்கு 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 இடங்களில் இருக்கும். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31இலும் 1 நிரம்பினால் இந்த எண்தான் வரும். அதற்கு மேல் எழுத இடம் இல்லை. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளுக்கும் இதே கதிதான். நம் நேரப்படி 19.1.2038 காலை 8:44:07 வரைதான் அவற்றுக்குக் கணக்குத் தெரியும்.

தாத்தா: நீ இடத்தைப் பார்க்கிறாய் முரளி, எண்ணைப் பார். 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அது பகா எண்! 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவிக் காட்டினார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போயிருந்தது.

ஆதிரா: கால்குலேட்டர் இல்லாமலா தாத்தா?

தாத்தா: ஆமாம் கண்ணு. 46,340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி கீழே இருந்தே தீரும். ஆனால் அதற்குள்ளேயே 4,792 பகா எண்கள் இருக்கின்றன.

பாட்டி: ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பிடக் குழுவில் கூப்பிட வேண்டியிருக்கிறது. தோசை ஆறுகிறது.

தாத்தா: ஐந்து நிமிடம். ஆதிரா, முதலில் சின்னதைப் பார். 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2,047. அது 23 × 89. இரண்டையும் 22ஆல் வகு.

ஆதிரா: இரண்டிலும் மீதி 1!

தாத்தா: 11இன் இரு மடங்கு 22 அல்லவா? அதே மாதிரி நம் எண்ணின் காரணியை 31இன் இரு மடங்கான 62ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வருகிற எண்களை மட்டும் சோதித்தால் போதும். 46,340க்குள் அப்படிப்பட்டவை, 1ஐ விட்டுவிட்டால், 373தான். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம்.

முரளி: அப்பா, இதனால் யாருக்கு என்ன பயன்?

தாத்தா: பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரும் அப்படித்தான் நினைத்தார். இந்தப் பகா எண்ணை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாகிற எண் வரும். இதைவிடப் பெரியதை இனி யாரும் தேடப்போவதில்லை, பயன் இல்லையே என்று 1811இல் எழுதிவைத்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 2இன் 127ஆம் அடுக்குக்கே போய், அதில் ஒன்று குறைத்தாலும் பகா எண் என்று காட்டிவிட்டார்! 39 இலக்கம்.

பாட்டி: தோசையை மூடி வைத்துவிட்டேன். இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆதிரா (இரவு 10:37): தாத்தா, 249 மூன்றால் வகுபடுகிறது, விட்டுவிட்டேன். 311ஆல் தாளில் வகுத்தேன், மீதி 35. அதற்கப்புறம் வரிசையாக எல்லாமே பகு எண்கள். 1,303 மட்டும் தேறியது. அதிலும் மீதி 226.

கமலா: ஆதிரா, விளக்கை அணை. நாளைக்குப் பள்ளிக்கூடம்.

தாத்தா: 226 சரி. நானும் போட்டுப் பார்த்தேன்.