பிள்ளைகள் சியர்லீடிங் பழகும் சியர் ஜிம்மில் மற்ற பெற்றோர்களோடு உங்களுக்கு நடந்தது என்ன?

கவிதா (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

டல்லாஸ் கன்வென்ஷன் சென்டர், என்சிஏ என்ற தேசிய சியர் போட்டி. மகள் யூத் லெவல் 2 டீம், சைடு பேஸ், அதாவது ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டண்டில் கீழே பக்கத்தில் நின்று தாங்குபவள். முதல் நாள் லிபர்ட்டி என்ற ஒற்றைக்கால் ஸ்டண்ட் ஏறும்போதே ஆடியது, மேலே நின்ற பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தாள், பின்னால் நிற்கும் பேக்ஸ்பாட் எப்படியோ பிடித்துவிட்டாள், யாருக்கும் அடியில்லை. டிடக்‌ஷன் என்று கொஞ்சம் மதிப்பெண் போனது, அவ்வளவுதான், மறுநாள் இன்னொரு முறை போட்டி மேட் மீது ஏறத்தான் போகிறார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு போவதற்குள் ஃப்ளையரின், அதாவது மேலே நின்ற பிள்ளையின், அம்மா முந்திக்கொண்டார். கையில் போன். ஸ்டண்ட் ஆடிய இடத்தில் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, என் மகள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யார் கை, பார்த்துச் சொல்லு" என்றார். ஆங்கிலத்தில்தான், ரொம்ப இனிமையான குரல், தள்ளி நின்றவர்களுக்கு ஏதோ கொஞ்சுகிறார் என்றே தோன்றியிருக்கும். மகள் போனைப் பார்க்கவில்லை. கன்னத்தில் ஒட்டிய மினுக்கும் தலையில் அந்தப் பெரிய ரிப்பன் பௌவுமாகத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வயது.

கோச் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு ஸ்டண்டில் கீழே இரண்டு பேர், பின்னால் ஒருத்தி, மேலே ஒருத்தி, இதில் யார் பிசகினாலும் இறங்கும், மேலே நிற்பவள் முட்டியை இறுக்காவிட்டாலும் இறங்கும். அந்த அம்மாவுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும், மூத்த மகளும் சியர்தான்.

மறுநாள் ஒரு டிடக்‌ஷன் கூட இல்லாமல் ஹிட் ஆனது. அதே அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். முதல் நாள் நடந்ததைக்கூட மறந்துவிடுவேன், இதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆனந்த் (நியூ ஜெர்சி)

எங்கள் ஜிம்மில் ஒரு அப்பா. நம் ஆள்தான், ஊர் வேண்டாம். மகளுக்கு பேக் ஹேண்ட்ஸ்பிரிங், பின்பக்கமாகக் கை ஊன்றிப் புரள்வது, திடீரென்று போய்விட்டது. மென்டல் பிளாக், பார்த்தவர்களுக்குத் தெரியும், போன வாரம் வரை கண்ணை மூடிக்கொண்டு போட்ட பிள்ளை இன்று பின்னால் சாயவே மாட்டாள், திட்டினால் இன்னும் இறுகிப்போவாள். இவர் பெற்றோர் உட்காரும் அறையின் கண்ணாடியை மோதிரத்தால் தட்டுவார். டக் டக் டக் டக், அப்புறம் வாயசைப்பில் ஃபைவ் சிக்ஸ் செவன் எயிட். முதலில் ஐபோன் வாங்கித் தருவதாகச் சொன்னார், பிறகு நாய்க்குட்டி, பிறகு சம்மர் கேம்ப் கட். அவர் தட்டும்போதெல்லாம் அந்தப் பெண் மட்டும் அல்ல, வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் கோச் ஒன்றும் பேசாமல் வந்து திரையை இழுத்துவிட்டார். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருந்தது. பெரிய ஐடி கம்பெனியில் டைரக்டர், இஸ்திரி போட்ட சட்டை, கார்ப்பெட்டில் முட்டி போட்டுக் குனிந்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவசரமாகப் போனைப் பார்த்தோம்.

ரமேஷ் (கேட்டி, ஹூஸ்டன்)

இதெல்லாம் ஒன்றுமே இல்லைங்க. எங்கள் ஹூஸ்டன் பக்கம் சேனல்வ்யூவில் 1991ல் வாண்டா ஹாலவே என்ற அம்மா, மகளுக்குப் போட்டியாக இருந்த பெண்ணின் தாயைக் கொல்லவே ஆள் ஏற்பாடு செய்யப் பார்த்தார். அம்மா செத்த துக்கத்தில் பெண் சியர் தேர்வுக்கு வரமாட்டாள் என்பது கணக்கு. முன்பணமாக வைரத் தோடு. யாரிடம் சொன்னாரோ அந்த ஆளே போலீசுக்குப் போய்விட்டார், அதனால் தப்பித்தது. அதோடு பார்த்தால் வீடியோ காட்டினது பெரிய குற்றமா?

என் அனுபவம் சின்னதுதான். ஒரு அம்மா "அவள் கனத்துவிட்டாள், ஃப்ளையர் வேண்டாம், பேஸில் போடுங்கள்" என்று கோச்சுக்கு அனுப்ப நினைத்ததை டீம் குரூப்பில் போட்டுவிட்டார். "அவள்" என் மகள். அவளும் அந்த குரூப்பில் இருக்கிறாள்.

சரி, கவிதா செய்ய வேண்டியது என்ன என்றால், முதலில் ஜிம் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நாம் யாரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறோம், அதில் பெற்றோர் நடத்தை என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலான ஜிம்களில் 24 மணி நேர விதி உண்டு, போட்டி முடிந்து ஒரு நாள் கழியாமல் கோச்சிடம் புகார் கொண்டுபோகக் கூடாது, கோபம் அடங்கட்டும் என்றுதான். அதை மதியுங்கள். அப்புறம் வாயால் சொல்லாதீர்கள், ஈமெயில். ஈமெயிலில் அந்த அம்மா பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஸ்டண்ட் குரூப் மாற்றச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள், சீசன் நடுவில் எந்த கோச்சும் செய்ய மாட்டார், உங்கள் பெயர்தான் கெடும். பிரைவேட் கிளாஸ் இரண்டு எடுங்கள், கிரிப் சரியாகிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. இன்னொன்று, பெற்றோர் அறையில் உட்காராதீர்கள், நான் காரிலேயே இருந்துவிடுவேன், பாதி பிரச்சினை அந்த அறையில்தான் உற்பத்தி ஆகிறது.

லக்ஷ்மி (ஷார்லட்)

ரமேஷ் சார், கவிதா யோசனை கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. கிரிப் சரியாக இருந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்றால் அப்போது தப்பு அந்தக் குழந்தை மேல்தானா? ஹாலவே விஷயமும் ஜிம் சியர் இல்லை, பள்ளிக்கூட சியர். கொலை அளவுக்குப் போகவில்லையே என்று ஆறுதல்பட வேண்டும் என்றால் அப்புறம் எதைத்தான் பேசுவது?

ஜிம் சியர் என்றால் பென்சில்வேனியாவில் 2021ல் வந்ததைச் சொல்லுங்கள். மகளோடு ஆடிய பெண்களின் வீடியோவை ஒரு அம்மா டீப்ஃபேக் செய்தார் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். பிறகு அரசுத் தரப்பே அந்தப் பகுதியைக் கைவிட்டது, தொல்லை கொடுத்ததற்காக மட்டும் தண்டனை. டீப்ஃபேக் கதையைத்தான் இன்னும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

என்னுடையது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணை வீட்டில் டீமை விட்டே நிறுத்திவிட்டார்கள். டான்ஸ் பகுதியில் முன் வரிசை நடுவில் வைக்கவில்லையாம். ஒருத்தி போனால் ஒரு இடம் காலி என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நாலு பேர் குரூப் நிற்காது, அதை நிரப்ப வேறு குரூப்பிலிருந்து ஒருத்தியை உருவ வேண்டும், பிரமிட் மொத்தமும் மாறும், மியூசிக் மட்டும் அதே இரண்டரை நிமிடம். லெவல் 1 டீமிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். போன பெண்ணின் யூனிஃபார்ம்தான் கையில் இருந்தது, பெரிதாக இருந்தது, ஊக்கு குத்தினால் ஸ்டண்டில் யாரையாவது கிழிக்கும் என்று ஹோட்டல் அறையில் உட்கார்ந்து நான் முதுகில் பிடித்துத் தைத்தேன். அந்தப் பெண் உள்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு என்மேல கோபமா ஆன்ட்டி?" என்றாள். அந்த அம்மாவை மளிகைக் கடையில் இன்றும் பார்க்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறார், நானும் பேசுகிறேன்.

நிலா

நான் பெற்றோர் இல்லை, சீனியர் லெவல் 4 வரை ஆடியவள், இப்போது காலேஜ். இங்கே எழுதலாமா தெரியவில்லை.

எங்கள் அம்மா நீங்கள் சொல்கிற எந்த வகையும் இல்லை. டீமுக்கே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவார், கோச்களுக்கெல்லாம் செல்லம். காரில் ஏறியதும்தான் ஆரம்பிக்கும். என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எங்கள் ஃப்ளையரைப் பற்றித்தான் பேச்சு. "அவ டோ டச் ஜம்ப் பாத்தியா, கால் காதுகிட்ட போகுது. அவ வீட்டுல தினம் ஸ்ட்ரெச் பண்றாளாம்." வீடு வரைக்கும் அவள்தான். ஒருநாள் பிராக்டிஸில் அவள் மேலே ஏறும்போது, விழட்டும் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. நான்தான் அவளுக்கு பேக்ஸ்பாட், விழுந்தால் தலையையும் கழுத்தையும் பிடிக்க வேண்டியவள். அவள் கணுக்கால் இரண்டும் என் கையில் இருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த சீசனோடு நான் நிறுத்திவிட்டேன். முதுகு வலி என்று சொன்னேன்.

ரமேஷ் (கேட்டி, ஹூஸ்டன்)

நிலா, இதை அம்மாவிடம் மனம் விட்டுப் பேசிவிடும்மா. அவர்கள் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத்தான் வளர்த்தார்கள், கெட்ட எண்ணம் இருக்காது. ஒரு கடிதமாக எழுதினால் இன்னும்...

நிலா

பேசிட்டேன் அங்கிள். "நான் உன்னை ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

ஆனந்த் (நியூ ஜெர்சி)

கவிதா, பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது எப்படி?

கவிதா (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

அவர்களுக்கு என்ன, ஒரே பாக்கெட் டக்கிஸ் சிப்ஸை வைத்துக்கொண்டு கார் பின்சீட்டில் கத்திக்கொண்டு வருகிறார்கள். சம்மிட் என்ற சீசன் கடைசிப் பெரிய போட்டிக்கு பிட், அதாவது ஆட அழைப்பு, கிடைத்துவிட்டது, ஆர்லாண்டோ, அதே நாலு பேர் குரூப். நேற்று அந்த அம்மா லிங்க் அனுப்பியிருக்கிறார், ஹோட்டல் பிளாக்கில் இரண்டு பெட்ரூம் சூட், கிச்சனோடு, பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமாம். என் தோசை அவர் மகளுக்கு உயிராம். தனியாக எடுப்பதைவிடப் பாதி விலை வேறு. இன்னும் பதில் போடவில்லை.

லக்ஷ்மி (ஷார்லட்)

வேண்டாம்.

ரமேஷ் (கேட்டி, ஹூஸ்டன்)

எடுங்கள், ஆனால் கேன்சலேஷன் விதியை முதலில் படியுங்கள்.