மறு: உகுலேலேயின் 'ரீ-என்ட்ரன்ட் டியூனிங்' - தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உகுலேலே என்ற சின்ன நான்கு தந்தி வாத்தியத்தில், தந்திகளுக்குச் சுரம் வைக்கும் ஒரு முறைதான் 'ரீ-என்ட்ரன்ட் டியூனிங்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'மீள்சுருதி' போதுமே, நேர்ப்பொருள் இருக்கிறது.

அதுதான் தொந்தரவு. மீள்பதிவு, மீள்பார்வை மாதிரி ஏதோ மறுபடி நடக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். இங்கே தந்திகளின் வரிசை ஓரிடத்தில் மடங்குகிறது, அவ்வளவுதான்.

சின்னக் கிட்டார் மாதிரி இருக்கும் பிரேசில் கவக்கிஞ்ஞுவையும் உகுலேலேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவக்கிஞ்ஞுவின் நான்கு தந்திகள் ரே, சோல், சி, ரே (மேற்கத்திய சுரப்பெயர்கள்). சோலை ஷட்ஜமாக, அதாவது ச-வாகக் கொண்டால் மந்தர (கீழ் ஸ்தாயி) ப, அப்புறம் ச, க, ப என்று ஒழுங்காக ஏறும். உகுலேலேயில் ப, ச, க, த. ஆனால் அந்த ப, ச-வுக்கு மேலே உள்ள ப! கட்டைவிரல் முதலில் தொடுவதே உயர்ந்த சுரம்; அடுத்த தந்தியில் சட்டென்று இறங்கி, பிறகு ஏறுகிறது. மேலிருந்து வருடினாலும் கீழிருந்து வருடினாலும் உயரத்தில் தொடங்கி உயரத்தில் முடிவதால்தான் அந்தத் துள்ளல். கீழ்க்கட்டைக் கனம் மட்டும் கிடைக்காது. கவக்கிஞ்ஞுவில் எஃகுத் தந்தி, கையில் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு); சம்பா இசையின் தாளவாத்தியச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். புதிதாகப் பழகுபவருக்கு விரல்நுனி எரியும், நைலான் தந்தி உகுலேலேயில் அந்தப் பாடு குறைவு.

இத்தனைக்கும் இரண்டும் பங்காளிகள். 1879-இல் ரேவன்ஸ்கிராக் கப்பலில் போர்ச்சுகலின் மதேய்ரா தீவிலிருந்து ஹவாயின் ஹொனலுலு போனவர்களின் மச்செத்தே, கவக்கிஞ்ஞு குடும்பத்து வாத்தியம். அதிலிருந்து வந்ததுதான் உகுலேலே.

> வக்ர சுருதி?

கச்சேரி கேட்பவருக்குச் சுரங்கள் நேராகப் போகாமல் வளைந்து போகும் வக்ர ராகம் தெரியும். மற்றவர் காதில் 'வக்கிரம்' என்றுதான் விழும். சின்னப் பிள்ளைகள் பழகும் வாத்தியம் ஐயா இது.

என் பரிந்துரை: மடக்குச் சுருதி. எதிர்ச்சொல், ஏறுசுருதி. விளக்கத்தில் உகுலேலேயை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். அளவில் பெரிய, கீழ்ச்சுரத்தில் ஒலிக்கும் பேரிட்டோன் உகுலேலே பெரும்பாலும் ஏறுசுருதிதான். ஐந்து தந்தி பாஞ்சோவோ மடக்கு.

---

மடக்கு சரி. சுருதி எனக்கு ஒப்பவில்லை. சுருதி என்றால் நமக்குத் தம்பூரா, ஒரே ஆதார நிலை. நீங்கள் சொல்வது தந்திகள் நிற்கும் வரிசையை. 'மடக்கு வரிசை', 'ஏறு வரிசை' என்றே வைக்கலாமே?

---

ஆமாம், அது இன்னும் துல்லியம். 'மடக்குத் தந்தி வரிசை' என்று முழுதாக ஏற்றிவிடுகிறேன், பேச்சில் 'மடக்கு வரிசை' போதும். பிக்கிற்கு 'மீட்டுவில்லை' சொன்னவர் தனி இழை தொடங்குங்கள். வில்லை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் லென்ஸுக்கும் அதே பெயர் என்று மூக்குக் கண்ணாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.