புதுப்பிப்பு: அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷன், 6 வாரம் கழித்து
அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றலாமா, எவ்வளவு வலிக்கும் என்று கேட்டிருந்தேன் இல்லையா, ஆபரேஷன் முடிந்து இன்றோடு 6 வாரம். மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். வலி நடப்பதில் இல்லை, மடக்குவதில்தான். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், அவ்வளவு வித்தியாசம் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையோடு பின்னால் இழுத்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டே மூன்றாவது வாரம் 90 டிகிரியைத் தொட்டார். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு மரத்துப்போனதில் பயந்துவிட்டோம். தோலின் சிறு நரம்புகள் அறுபடுவதால் வருவது, சகஜம்தான். வீக்கம் சில மாதம் இருக்கும். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஓடுங்கள். தூக்கம் இன்னும் சரியாகவில்லை. நேற்று கைத்தடியோடு வாசல் வரை போய் அவரே பால் வாங்கி வந்தார்.