புதுப்பிப்பு: சொல் சேகரிப்பில் வினைச்சொற்களுக்குத் தனிப் பக்கம்

கதை எழுதச் சொல் சேகரிக்கும்போது, புதுச்சொல்லை அது வந்த வாக்கியத்தோடு குறித்துவையுங்கள் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். இப்போது ஒரு சேர்க்கை: வினைச்சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பெயர்ச்சொல் தானாகச் சேரும், வினைதான் நழுவும். ‘தானியத்தைச் சுத்தம் செய்தாள்’ என்றால் காட்சி எழாது. காற்றில் பதர் பறக்கவிட்டால் தூற்றுதல், முறத்தில் தட்டி உமி போக்கினால் புடைத்தல், அசைத்து நொய்யைப் பிரித்தால் கொழித்தல். (முறம் திருநெல்வேலிப் பக்கம் சுளகு ஆகிவிடும், கவனம்.)

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி (1924–1936, 6 தொகுதிகள்) இணையத்திலேயே கிடைக்கிறது. பல சொற்களுக்கு வட்டாரக் குறியும் உண்டு. ஆனால் வழக்கொழிந்தவையும் அதில் ஏராளம். எடுத்த சொல்லை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் சொல்லிப் பாருங்கள்; விழித்தால், உரையாடலில் வைக்க வேண்டாம்.