தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (குழு), சிங்கப்பூர், சனிக்கிழமை காலை

செல்வி அத்தை 7:41
யாராவது யீஷூன் பக்கம் இருக்கிறீர்களா? கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டிக் டிக் டிக், அவ்வளவுதான். வளைகாப்பு வளையல், சீர்த்தட்டு, புளியோதரை எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

மோகன் 7:42
பேட்டரி

செல்வி அத்தை 7:42
அது எனக்கும் தெரியும் தம்பி

மோகன் 7:43
இரண்டு புளோக் தள்ளித்தான் இருக்கிறேன், வண்டியோடு வருகிறேன். ஜம்பர் கேபிள் இருக்கிறதா?

பெரியப்பா 7:48
யாரும் அவசரப்பட வேண்டாம். முழுதாகப் படியுங்கள். சிவப்பை முதலில் செல்வி பேட்டரியின் பிளஸில் மாட்டு. மறுமுனைச் சிவப்பு மோகன் வண்டியின் பிளஸில். அப்புறம் கறுப்பு, மோகனின் மைனஸில். கடைசிக் கறுப்பு செல்வியின் பேட்டரிக்குப் போகவே கூடாது. செல்வி கார் இஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பைப் பார்த்து, பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டு. கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

மோகன் 7:49
கேபிளே இல்லை பெரியப்பா

சித்தி 7:50
9 மணிக்குள் வளையல் உட்லண்ட்ஸ் வந்தாக வேண்டும். 9 முதல் 10.30 ராகுகாலம்.

பெரியப்பா 7:53
கேபிளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நான்கு கிளிப்பையும் ஒரே மாதிரி செய்து விற்கிறான். நான்காவதற்கு வேலையே வேறு! அதற்குத் தனி உருவம் வேண்டாமா? நான் மஞ்சள் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். இன்னொன்று, ஒரு முனை பேட்டரியில் இருக்க, கையில் உள்ள இரண்டு கிளிப்பும் உரசினால் ஷார்ட். அதனால் பல் மட்டும் தெரிய, வெளியே முழுக்க ரப்பர் மூட வேண்டும். இப்போது நடுவில் சின்னப் பெட்டி வைத்த கேபிளும் வருகிறது. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் கரன்டையே விடாது.

மோகன் 7:54
சித்தி, அது 6 மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊர்க் கணக்கு. இங்கே 7 ஆகிறது. ராகுகாலம் 10க்குத்தான்.

சித்தி 7:54
ஐயரிடம் சொல் இதை

செல்வி அத்தை 7:55
அண்ணா, மஞ்சள் டேப் சுற்றியது எங்கள் கேபிள். தைப்பூசத்துக்கு வாங்கிப் போனீர்கள்.

மாமா 7:56
பத்துமலையில் மாற்றி மாட்டி என் கார் ஃபியூஸ் போனதே, அதே கேபிள்

மோகன் 7:56
ஹாஹாஹா

பெரியப்பா 7:58
அன்று இருட்டு. அதனால்தான் பெட்டி வேண்டும் என்கிறேன்.

மாமா 7:58
ஃபியூஸ் காசு?

கவிதா 7:59
எனக்குப் பசிக்கிறது

சித்தி 7:59
வளையல் போட்ட பிறகுதான்

பெரியப்பா 8:01
கேபிளை எடுத்துக்கொண்டு டாக்சியில் வருகிறேன். ஜூரோங் வெஸ்டிலிருந்து அரை மணி நேரம்.

மோகன் 8:02
வேண்டாம் பெரியப்பா. சீரை என் வண்டியில் மாற்றிவிடலாம். கார் அங்கேயே கிடக்கட்டும்.

செல்வி அத்தை 8:03
சரி. ஆனால் எட்டுத் தட்டும் உன் வண்டியில் கொள்ளுமா?

மாமா 8:03
சாயங்காலம் காரை யார் எடுப்பது?

பெரியப்பா 8:05
டாக்சி ஏறிவிட்டேன். கார்பார்க்கில் எந்த மாடி?

பெரியப்பா 8:09
செல்வி, எந்த மாடி?

கவிதா 8:10
மோகன், புளியோதரையை முதலில் ஏற்று