சண்டே பஜார் மிலிட்டரி சாமான்: தொப்பி, மெடல், பேட்ஜ் வாங்கப் போய் நீங்க பார்த்த கூத்து என்ன?

பெங்களூர்ல பழைய மிலிட்டரி சாமான் தேடறவங்களுக்கு சாமானுக்கும் பஞ்சம் இல்ல, கதைக்கும் பஞ்சம் இல்ல. 1809ல வெள்ளக்காரன் கன்டோன்மென்ட் போட்டதுல இருந்து இங்க பட்டாளம்தான், அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ்னு ராணுவ இன்ஜினியர் படை இன்னிக்கும் இருக்காங்க, நம்ம ஆளுங்க எத்தனையோ குடும்பம் வட ஆற்காடு பக்கத்துல இருந்து இங்க வந்து சேர்ந்ததே அந்தப் பட்டாளத்துக்குப் பின்னாடிதான். அதனால அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜிநகர்னு எந்தத் தெருவுல பழைய வீட்டை இடிச்சாலும் பரண்ல இருந்து ஒரு பக்கிளாச்சும் ரெண்டு பட்டனாச்சும் விழும். அது குஜிரிக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போகும், அங்க இருந்து ஞாயித்துக்கிழமை பிவிகே ஐயங்கார் ரோடு பக்கம் நடைபாதைக்கு வரும், வர்ற வழியிலயே அதுக்கு ஒரு கதையும் முளைச்சிடும்.

எனக்கு வேலை பீன்யாவுல டூல் ரூம் இன்ஸ்பெக்ஷன். அதனால கதையைக் காதுல வாங்கிக்கிட்டே கை பாட்டுக்கு சாமானைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும், அது பழக்கதோஷம்.

போன வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு பாய் கடையில சோலா தொப்பி, அந்தக் கால துரைங்க போட்ட வெயில் தொப்பி ஒண்ணு தொங்குச்சு. "திப்பு சண்டையில இங்கிலீஷ்காரன் போட்டது சார், ஸ்ரீரங்கப்பட்டணம்"னாரு. எட்டாயிரம். திப்பு இறந்தது 1799, இந்த மாதிரி தொப்பி பட்டாளத்துல வந்ததே 1800கள் பாதிக்கு மேலதான், அவருகிட்ட அதைச் சொல்லிச் சண்டை போட நான் போகல. உள்ள லைனிங் ஒரு இடத்துல கிழிஞ்சிருந்துச்சு, நகத்தால லேசா அழுத்தினேன், மெத்துனு உள்ள போச்சு, வெள்ளையா இருந்துச்சு. நெட்டிதான். தஞ்சாவூர்ல கோயில் கோபுரமெல்லாம் செய்வாங்களே, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவாங்களே, அதே நெட்டி. ராணுவத்துக்குன்னு 1899ல வந்த வூல்ஸ்லி மாடல் பாட்டில் மூடற கார்க் தக்கையில செய்வாங்க, கையில எடுத்தாலே கனம் தெரியும், மேல காக்கித் துணி ஆறு துண்டா வெட்டித் தைச்சிருக்கும், விளிம்பு நல்லா அகலம். இது காத்து மாதிரி லேசு. ரயில்வே கார்டு, மிஷனரி, டீ எஸ்டேட் துரை, சர்வே ஆபீஸ்ல நம்ம ஊர் ஓவர்சியர்னு எல்லாரும் போட்டுக்கிட்ட சிவில் தொப்பி. உள்ள தோல் பட்டையை மடக்கிப் பார்த்தேன், சர்க்கார் முத்திரை எதுவும் இல்ல. இந்திய ராணுவக் கிடங்குல இருந்து வந்த சாமான்ல அம்புக்குறி மாதிரி மூணு கோடும் அதுக்குக் கீழ இங்கிலீஷ் ஐ எழுத்தும் அடிச்சிருப்பாங்க, பெல்ட், தண்ணி பாட்டில், பை எதுல வேணா அதைத் தேடிப் பாருங்க. பேரம் பேசி ஆயிரத்துக்குள்ள முடிச்சேன். சிவில்னா என்ன, அந்தப் பச்சை லைனிங் துணி இன்னும் நிறம் மங்காம இருக்கு, அதுக்கே குடுக்கலாம்.

பேட்ஜ், பட்டன்ல காலம் கண்டுபிடிக்கறது இதைவிட சுலபம், மேல இருக்கிற கிரீடத்தைப் பாருங்க. 1901ல இருந்து 1952 வரைக்கும் ராஜா கிரீடம், வளைவு ரெண்டு பக்கமும் உருண்டு ஏறி இறங்கும். 1953க்கு அப்புறம் எலிசபெத் ராணி காலம் முழுக்க ராணி கிரீடம், நடுவுல லேசாக் குழி விழுந்திருக்கும். நம்ம ராணுவம் 1950 ஜனவரி 26லயே கிரீடத்தைக் கழட்டிட்டு அசோகச் சிங்கத்தை வெச்சிருச்சு. அதனால இந்திய ரெஜிமென்ட் பேருல இந்த 1953 ராணி கிரீடம் போட்ட பேட்ஜை எவனாச்சும் நீட்டினா அங்கயே சிரிச்சுட்டு நகர்ந்துடலாம். நான் பார்த்திருக்கேன், ஒண்ணு இல்ல ஒரு டப்பா நிறைய!

டூப்ளிகேட் பெரும்பாலும் உலோகத்தை உருக்கி ஊத்தி வார்த்தது, ஒரிஜினல் டைங்கிற இரும்பு அச்சுல அடிச்சது. தகட்டை டையில அடிச்சா முன்னாடி மேடா இருக்கிற இடம் பின்னாடி பள்ளமா இருக்கும், எழுத்தோட விளிம்பு கூர்மையா நிக்கும். வார்த்ததுல பின்பக்கம் தட்டையா, பொடிப்பொடி ஓட்டையோட, ஓரத்துல அரம் போட்ட கோடு தெரியும். லென்ஸ் கூட வேணாம், போன் கேமராவைப் பெருசு பண்ணினாலே போதும்.

இப்ப மெடல். சிவாஜிநகர்ல ஒரு பழைய வெள்ளிக் கடையில, உடைஞ்ச கொலுசு குவியலுக்குள்ள ஒரு வட்டம் கிடந்துச்சு. ஒரு பக்கம் ஜார்ஜ் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆளு, 1914, 1918. பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி, சுமாரா ஒரு அவுன்ஸ். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த மெடலுங்க மூட்டை மூட்டையா உருக்குக்குப் போயிருக்கு, இது எப்படியோ தப்பிச்சிருக்கு. விளிம்பைச் சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சா நம்பர், சாப்பர்னு பதவி, பேரு, அப்புறம் ரெண்டாவது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். ரெண்டாவதுன்னா நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்தான், 1903ல இருந்து அவங்களுக்கு அந்த நம்பர், 1923லதான் மெட்ராஸ்னு பேரு திரும்ப வந்துச்சு. பேரு சாமின்னு முடியுது, அந்தக் காலத்து மெட்ராஸ் கிளார்க் எழுதற மாதிரி நடுவுல ஒரு எழுத்தை சேர்த்து நீட்டி எழுதியிருந்தாங்க. முழுப் பேரு இங்க போடல, குடும்பம் இந்த ஊர்லயே இருக்கலாம்.

ஆனா பேரு இருக்குன்னு உடனே குதிக்கக் கூடாது. பழைய பேரை அரத்தால ராவிட்டு விலை போற ரெஜிமென்ட் பேரைப் புதுசா வெட்றவங்க இருக்காங்க. ராவினா விட்டம் குறையும். பைல எப்பவும் விட்டம் அளக்கற வெர்னியர் இருக்கும், எடுத்து நாலு திசையில வெச்சுப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் 36 மில்லிமீட்டர் சொச்சம், வித்தியாசமே இல்ல. கடைக்காரர் என்னை ஏதோ ஜிஎஸ்டி ஆபீசர்னு நெனச்சுட்டாரு போல, டீ வரவழைச்சாரு. வெள்ளி எடைக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுத்தேன். அதே கடையில செம்பு நிறத்துல இதே மெடல் வந்தா விட்டுடாதீங்க, லேபர் கோர்ல மண்ணு வெட்டப் போன கூலி ஆளுங்களுக்குக் குடுத்தது அது, வெள்ளியை விட ரொம்ப அபூர்வம், ஆனா வெள்ளி இல்லைன்னு அஞ்சு பத்துக்கு தூக்கிப் போட்டிருப்பாங்க.

நான் பார்த்ததுல ஜோரான கதை இன்னொண்ணு. பெங்களூர் டார்பிடோன்னு ஒரு வெடி உண்டு, முள்கம்பி வேலியை அறுக்கறதுக்கு, 1912ல இங்க சாப்பர்ஸ்ல இருந்த கேப்டன் மெக்ளின்டாக் கண்டுபிடிச்சது, நெசமான வரலாறு. அந்தப் பேரைக் கேள்விப்பட்ட ஒருத்தர் ரெண்டடி ஜிஐ பைப்பைத் துருவோட வெச்சுக்கிட்டு அதான் இதுன்னு விக்கறாரு. பைப்புல ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு சாமி.

உங்க கதையும் போடுங்க.

காக்ஸ்டவுன்காரன்:
அண்ணே செம. நான் கார்மென்ட்ஸ்ல குவாலிட்டி செக்கிங், அதனால துணி பத்தி என் பங்குக்கு. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்னாடி ஒருத்தர்கிட்ட பச்சை சட்டை, பர்மா சண்டை, 1944ன்னாரு. பர்மாவுக்காக காக்கியைப் பச்சை சாயத்துல முக்கிக் குடுத்தது உண்மைதான், அதனால நானும் ஆசையா எடுத்துப் பார்த்தேன். உள்ள தையல் ஓரத்துல தொங்கின நூலை அவரைக் கேட்டுட்டு கொஞ்சூண்டு பிச்சு லைட்டர்ல காட்டினேன், உருகிக் கறுப்பு மணியா சுருண்டுச்சு. பருத்தி நூலா இருந்தா காகிதம் கருகற வாசனையோட சாம்பலா உதிரும். பாலியஸ்டர் துணிமணிக்குக் கடைக்கு வந்ததே 1950கள்லதான், அப்புறம் எப்படி 1944? நோட்டு பார்க்கிற யூவி டார்ச் அடிச்சா இன்னும் ஜோர், நீலமா ஜொலிச்சுது, பழைய துணி மந்தமாத்தான் தெரியும். ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க, நெசமான பழைய சட்டையை வீட்டுல யாராச்சும் சர்ஃப் போட்டு ஒரு தடவை துவைச்சிருந்தாலும் ஜொலிக்கும், சோப்புத்தூள்ல அந்த வெளுப்பு மருந்து இருக்கு. நூல், பட்டன், காஜா, முத்திரை நாலும் ஒத்து வரணும்.

ஜரிகை பேட்ஜ் வாங்கறவங்களுக்கும் ஒண்ணு. வாரணாசியில இன்னிக்கும் வெளிநாட்டு ரெஜிமென்ட்டுக்கெல்லாம் ஆர்டர் எடுத்து கையால பேட்ஜ் போடறாங்க, வேலை அவ்ளோ சுத்தம். அதனால வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காம பின்னாடி ஒட்டின காகிதத்தையும் துணியையும் பாருங்க.

நேதாஜி பேட்ஜ் கதை யாரும் சொல்லலையே? எனக்கு ஒருத்தர் பாயற புலி போட்ட மூவர்ணத் துணி பேட்ஜ் காட்டினாரு, சிங்கப்பூர்ல ஐஎன்ஏவுல, நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல இருந்த தமிழ் ஆளு போட்டது, மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து போனவருன்னு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொன்னாரு. பேட்ஜ் மேல எழுதியிருந்தது ஃப்ரையஸ் இண்டியென். அது ஜெர்மன் மொழி, சுதந்திர இந்தியான்னு அர்த்தம். ஜெர்மனியில நேதாஜி சேர்த்த படையோட தோள் பேட்ஜ் அது, சிங்கப்பூருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுவும் போன மாசம் தைச்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பிங்களா, நல்லா எழுதறீங்க, ஒரு விஷயம் விட்டுட்டீங்க. பழசு சேர்க்கறது தப்பில்ல, ஆனா இப்ப சர்வீஸ்ல இருக்கிற யூனிஃபார்ம் மாதிரி உடுத்திக்கிட்டு வெளிய போனா சட்டப்படி குத்தம். 2022 ஆர்மி டேல வந்த புது காம்பேட் டிசைன் ராணுவமே பதிவு பண்ணி வெச்சிருக்கு, வெளிக்கடையில விக்கக் கூடாது, யாராச்சும் வித்தாலும் வாங்காதீங்க. வாள், துப்பாக்கி முனையில மாட்டற பயனெட் கத்தி எல்லாம் ஆயுதச் சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுத் தொடுங்க. 100 வருஷம் தாண்டின பொருளை வெளிநாட்டுக்குக் கூரியர்ல அனுப்பறதும் வம்பு, 1972 சட்டம் இருக்கு.

அப்புறம், எங்க மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டர் மியூசியத்துல டூப்டா வரிசையா வெச்சிருக்காங்க, முன்விளிம்பு இல்லாத எங்க தலைப்பாகைத் தொப்பி. அனுமதி வாங்கிட்டுப் போய்ப் பாருங்க. சுபேதார் சுப்ரமணியன் பத்தியும் கேளுங்க, 1944ல இத்தாலியில கண்ணிவெடி மேல தன் உடம்பைப் போட்டு மத்தவங்களைக் காப்பாத்தி ஜார்ஜ் கிராஸ்ங்கிற வீர மெடல் வாங்கினவரு, செங்கல்பட்டுப் பக்கம். நெசமானதை நிதானமா நாலு தடவை பார்த்த கண்ணு பொய்யைத் தானா ஒதுக்கிடும்.

விவேக்நகர் அக்கா:
எங்க தாத்தா டிரங்குப் பெட்டியில மூணு மெடல் இருக்கு, யாராச்சும் சொல்லுங்களேன். ஒண்ணு ஆறு முனை நட்சத்திரம், ரிப்பன் கருநீலம் நடுவுல அகலமா சிவப்பு, நீலத்துக்குள்ள மெல்லிசா ஆரஞ்சுக் கோடு. ஒண்ணுல இந்தியா மேப். இன்னொண்ணுல சிங்கம் ஒரு ரெண்டு தலை பாம்பு மாதிரி எதையோ மிதிச்சுக்கிட்டு நிக்குது. எங்க அம்மா பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோட சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிடுவாங்க, நல்லா மின்னுது. நேத்து ஒருத்தர் வீடு தேடி வந்து மூணுக்கும் ரெண்டாயிரம் தர்றேன்னாரு, பேப்பர் எல்லாம் வேணாம், மெடல் மட்டும் போதும்னாரு.

முதல்ல எழுதினவன்:
அக்கா, நட்சத்திரம் பர்மா ஸ்டார், மேப் இருக்கிறது இந்தியா சர்வீஸ் மெடல், சிங்கம் மிதிக்கறது பாம்பு இல்ல டிராகன், அது வார் மெடல் 1939–45. தாத்தா பர்மாப் போர்முனைக்குப் போயிருக்காரு. மூணும் லட்சக்கணக்குல குடுத்ததுதான், மெடலா மட்டும் பார்த்தா பெரிய விலை இல்ல, ஆனா உங்க பெட்டியில டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட், சம்பளப் புக்கு, யூனிஃபார்ம்ல எடுத்த போட்டோ இருந்தா விஷயமே வேற, மெடல் யாரோடதுன்னு சொல்றதே அதுங்கதான். அவரு பேப்பர் வேணாம்னு சொன்னது ஏன்னா பேப்பர் இல்லாத பர்மா ஸ்டாரை எந்தப் பேருல வேணா கோத்து விக்கலாம். பிரிச்சுக் குடுத்துடாதீங்க. விளிம்புல பேரு வெட்டியிருக்கான்னும் பாருங்க, இருக்கலாம் இல்லாமலும் போகலாம்.

அம்மாகிட்ட புளியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, பிராஸோவும் வேணாம். ஒவ்வொரு தேய்ப்புலயும் எழுத்தும் ராஜா மூக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். ரிப்பனைக் கழட்ட வேணாம், துவைக்க வேணாம். மெடலைப் பருத்தித் துணியில சுத்தி, துணிமணி இருந்தா தனியா அந்துருண்டையைப் படாம ஓரமா வெச்சு, பேப்பரை எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல திணிக்காம கெட்டி காகித உறையில போடுங்க. லேமினேட் பண்ணிடாதீங்க ப்ளீஸ்!

விவேக்நகர் அக்கா:
ஐயோ போட்டோவை என் தம்பி ஏற்கனவே லேமினேட் பண்ணிட்டான். சர்டிஃபிகேட் தப்பிச்சுது, அதுல மடிப்புல கிழிஞ்சிருக்கு, செலோடேப் ஒட்டலாமா?

முதல்ல எழுதினவன்:
வேணவே வேணாம் அக்கா, அந்தப் பசை நாளாக மஞ்சளாகி மை எழுத்தையும் சேர்த்துத் தின்னுடும். மடிப்பை விரிச்சு அப்படியே வைங்க. ரெண்டு பக்கமும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க, ரெஜிமென்ட் நம்பர் இருக்கிற வரியை மட்டும் கிட்டத்துல எடுத்து ஹவில்தார் ஐயாவுக்கு அனுப்புங்க, எந்த கம்பெனின்னு அவரு பார்த்துச் சொல்வாரு.